சாவு வீட்டுக் குடம்

அத்தியாயம் 11

செங்குட்டுவனைத் திட்டி வந்த கடிதங்களைப் படித்துவிட்டுத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். போன வாரம் அவன் யார்டு முதலாளி அம்புரோஸின் காரில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான், அவ்வளவுதான். அதற்கே இவ்வளவு வசவு! கொஞ்சம் மிச்சம் வையுங்கள். இந்த வாரம் அவன் செய்திருக்கிற காரியத்துக்கு உங்களிடம் வார்த்தை வேண்டாமா?

புதிதாக வருகிறவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். கோதண்டம் டிரெய்லர் டிரைவர். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் இரண்டாவது மாடி. மனைவி பூவம்மா மாநகராட்சிப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறாள். மூத்தவன் செங்குட்டுவன், பேச்சிலேயே ஊரை வாங்கி விற்கிறவன். இளையவள் செங்கொடி, பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் படித்தவள். பேச்சு குறைவு, கோபம் அதிகம்.

அண்ணனும் தங்கையும் சேர்ந்து ‘வரிசை’ என்று ஒரு கம்பெனி ஆரம்பித்திருக்கிறார்கள். துறைமுகத்துக்குள் போக வேண்டிய கண்டெய்னர் வண்டிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் நாள்கணக்கில் நிற்பது உங்களுக்குத் தெரியும். இறங்கினால் இடம் போய்விடும் என்று டிரைவர்கள் சீட்டிலேயே சாப்பிட்டு, சீட்டிலேயே தூங்குவார்கள். குளிக்கக்கூட வழி கிடையாது. தன் அப்பாவை இருபது வருஷம் அந்த நாற்றத்தோடு பார்த்த செங்கொடி, அதற்கு ஒரு புரோகிராம் எழுதினாள். ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் கம்ப்யூட்டர் இடம் பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டியை எங்காவது ஓரங்கட்டிவிட்டுப் போகலாம், முறை நெருங்கினால் செல்லுக்கு மெசேஜ் வரும். வேண்டாம், விலகிக்கொள்கிறேன் என்றால் அதே நம்பருக்கு அடுத்தடுத்து இரண்டு மிஸ்டு கால். காலணா செலவில்லை, எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை.

அப்புறம் இன்னொரு நம்பர் இருக்கிறது. அது சாவு வீட்டுக்காரர்களுக்கு.

ஹவுசிங் போர்டில் தண்ணி லாரி வருகிற இடத்தில் குடங்கள் வரிசையாக நிற்கும். ஒரு குடத்தை நகர்த்தினால் மயிரைப் பிடித்துக்கொண்டு உருளுவார்கள். ஆனால் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டுக் குடத்தை யாராவது தூக்கி முன்னால் வைத்துவிடுவார்கள். ஏன் எதற்கு என்று ஒருத்தியும் கேட்கமாட்டாள். அதைப் பார்த்து வளர்ந்தவள் செங்கொடி. அதையே புரோகிராமிலும் எழுதினாள். அந்த இரண்டாவது நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் அந்த வண்டி வரிசையின் தலைக்கு வந்துவிடும். ‘இந்த வண்டிக்கு வழி விடுங்க’ என்று எல்லார் செல்லுக்கும் மெசேஜ் போகும். சாட்சியும் கிடையாது, சர்டிபிகேட்டும் கிடையாது. சாவை வைத்து எவன் பொய் சொல்வான் என்று நினைத்துவிட்டாள், பாவம்.

இனி அந்த சனிக்கிழமைக்கு வருவோம்.

* * *

பூவம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். படிக்கட்டில் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. கீழ்வீட்டு கெங்கம்மா தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஏறி வந்தாள், பின்னாலேயே நாலைந்து பெண்கள்.

“அய்யோ பூவம்மா! இப்டி பண்ணிட்டியேடி! எங்கள எல்லாம் வுட்டுட்டு...”

வாசலுக்கு வந்ததும் கெங்கம்மா ஒப்பாரியைப் பாதியில் நிறுத்தினாள். எதிரே பூவம்மா கையில் தேங்காய் மூடியோடு நிற்கிறாள்.

“நீ... கீறியா?”

“கீறேன். இன்னாடி கேள்வி இது, காலங்காத்தால?”

“எம் மருமவன் ரோட்லேர்ந்து போன் பண்ணான்டி. கோதண்டம் மாமா வண்டிக்கு வழி வுட்டாங்களாம். சாவு நம்பர்ல மெசேஜ் வந்துச்சாம். உங்க வூட்லதான் யாரோ போய்ட்டாங்கன்னு... எனக்கு உன் நெனப்புதான் வந்திச்சி. ஒனக்குதான சுகரு ஜாஸ்தி...”

“ஏண்டி, சாவுன்னா மொதல்ல என் மூஞ்சிதான் ஒனக்கு ஞாபகம் வருமா?”

வாய்தான் அப்படிச் சொன்னது. தேங்காய் மூடி கையிலிருந்து விழுந்துவிட்டது. பூவம்மா உள்ளே ஓடினாள். செங்கொடி போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். ராத்திரி முழுக்க புரோகிராமில் எதையோ சரிபார்த்துவிட்டு விடிந்த பிறகுதான் படுத்திருந்தாள். மகளை உலுக்கி எழுப்பி, அவள் ‘இன்னாமா’ என்று முனகிய பிறகுதான் பூவம்மாவுக்கு மூச்சு வந்தது. அடுத்த நொடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்போ... எம் புள்ளைக்காடீ?”

செங்குட்டுவன் விடியற்காலையிலேயே கிளம்பிப் போயிருந்தான். பூவம்மா கத்திய கத்தலில் மூன்று பிளாக்கும் வாசலுக்கு வந்துவிட்டது.

கீழே ஒரு ஆட்டோ வந்து நின்றது. கோதண்டம் இறங்கினார். காக்கிச் சட்டையில் இரண்டு பட்டன் இல்லை, காலில் ஒரு செருப்புதான் இருந்தது. ஆட்டோவுக்குக் காசு கொடுக்கவும் மறந்து படியேறி வந்தவர், பூவம்மாவைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார்.

“நீ கீற,” என்றார். “அப்போ யாரு? பொண்ணா?”

“நான் இங்கதான் கீறேன் நைனா,” என்றாள் செங்கொடி.

“அப்போ செங்குட்டுவன்...” என்று ஆரம்பித்தார். ஐம்பத்தைந்து வயது மனிதர், படிக்கட்டில் எல்லார் முன்னிலையிலும் ஓவென்று அழுதார்.

செங்கொடிதான் முதலில் தெளிந்தாள். அவள் செல் சார்ஜில் அணைந்து கிடந்தது. அதை உயிர்ப்பித்து அண்ணனுக்குப் போட்டாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. பூவம்மா மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஆங், சொல்லு,” என்றான் செங்குட்டுவன்.

“டேய்! எங்கடா கீற நீ?”

“அம்புரோஸ் சார் யார்டுலதான். நைனா வண்டி உள்ள போய்ட்ச்சா?”

செங்கொடிக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. சாவு நம்பரில் ஒரு வண்டியைக் கையால் போட வேண்டுமென்றால் யார்டில் இருக்கிற கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டே பேர்தான். ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

“நீயாடா போட்ட?”

பூவம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். மகன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்ததும் அவளுக்கு வந்த சந்தோஷம் கண் இமைக்கிற நேரம்கூட நிற்கவில்லை.

“டேய் சோமாரி! பெத்தவன் உசுரோட குத்துக்கல்லாட்டம் கீறப்போ அவனுக்கு சாவு வூட்டுக் குடத்த வெச்சியாடா? இந்த வவுத்துலதான பொறந்த? பேமானி! வூட்டுக்கு வா, அன்னக்கரண்டியால மூஞ்சிய பேக்கறேன்!”

அவன் என்னவோ சொல்ல வந்தான். கேட்க இவள் தயாராக இல்லை, கட் பண்ணிவிட்டாள்.

“வுடு பூவம்மா,” என்று கெங்கம்மா தலையை முடிந்துகொண்டாள். “செத்துட்டாங்கன்னு பேச்சு வந்தா ஆயுசு கெட்டின்னுவாங்க.”

“வாய மூடினு எறங்குடி கீழ. ஆயுசு சொல்ல வந்துட்டா.”

கோதண்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளிடம் மெதுவாகச் சொன்னார். “எனக்கு மெசேஜ் வந்திச்சி. நான் கூப்புடல, எப்டி வந்திச்சின்னு பாத்தேன். சரி, உங்க ரெண்டு பேர்ல யாரோ வாயால சொல்ல முடியாம கம்ப்யூட்டர்ல போட்டுக்கீதுன்னு நெனச்சேன். உனக்கு அடிச்சேன், செல் ஆஃப். அவனுக்கு அடிச்சேன். எத்தினி வாட்டி அடிச்சேன்! எடுக்கலியே அவன்.”

“அப்பால?” என்றாள் செங்கொடி.

“அப்பால இன்னா? எல்லாரும் வண்டிய லெஃப்ட்ல ஒட்டி நிறுத்தி வழி வுட்டாங்க. ஒரு ஆரன் இல்ல. தலைல கட்டுன துண்ட கழட்டிகினு நின்னாங்கமா. நம்ம மஜீது கீறானே, என் கைய புடிச்சிகினு அழுதான். கண்டெய்னர உள்ள எறக்கிட்டு, வண்டிய ஓனரு ஷெட்ல போட்டுட்டு ஓடியாறேன். வழி பூரா யாரு, யாருன்னு நெனச்சிகினே...” என்று நிறுத்தினார். “அவங்க மூஞ்சில நான் எப்டிமா முழிப்பேன்?”

செங்கொடி முகம்கூடக் கழுவவில்லை. துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

* * *

அம்புரோஸின் கண்டெய்னர் யார்டு திருவொற்றியூரில் இருக்கிறது. ராயபுரத்தில் பிறந்து, ஒற்றை லாரியில் ஆரம்பித்து, இன்று நாற்பது டிரெய்லர்களும் ஒரு யார்டும் வைத்திருக்கிற மனிதர். குரலை உயர்த்திப் பேசமாட்டார். ‘வரிசை’யின் கம்ப்யூட்டரை அவர் ஆபீசின் ஒரு மூலையில்தான் இனாமாக வைத்துக்கொள்ள விட்டிருந்தார். இனாம் என்றால் என்ன என்று இன்றைக்குத்தான் தெரியப்போகிறது.

செங்குட்டுவன் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தான். தங்கையைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

“அம்மா ஓவரா பேசிட்ச்சி. நீ மொதல்ல குந்து...”

“ஏண்டா பண்ணே?”

“போணிடி. சார் இன்னிக்குத்தான் மொத மொதல்ல கூட குந்தி பாத்தாரு. நைனா கைராசிக்காரரு. அவரு வண்டிய வெச்சி ஆரம்பிப்போம்னு...”

“போணிக்கு சாவு நம்பராடா?”

“எத்த அழுத்துனா இன்னா? ரோட்டுக்குக் கோளாறுன்னு மெசேஜ் போட்டுட்டேன். கம்ப்யூட்டர் கோளாறு, மன்னிக்கவும்னு. மேட்டரு முடிஞ்சிபோச்சி.”

“நைனா உனக்கு போன் அடிச்சாரே, அத்த ஏன் எடுக்கல?”

செங்குட்டுவன் சன்னல் பக்கம் பார்த்தான். “சார் பக்கத்துல இருந்தாரு.”

பளார் என்று ஒரு அறை விழுந்தது. அண்ணன் மேல் அவள் கை வைத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

“அவன அடிக்காதம்மா,” என்று உள் அறையிலிருந்து அம்புரோஸ் வந்தார். “போணி கீணியெல்லாம் அவனா சொல்றது. டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம்னு நான்தான் சொன்னேன். ரோட்ல எல்லாரும் மதிக்கிற ஆளா பாத்துப் போடுன்னேன். அவன் உங்க அப்பா வண்டிய போட்டான்.”

செங்கொடி அண்ணனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“குந்தும்மா. நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ,” என்று அம்புரோஸ் நாற்காலியை இழுத்துப் போட்டார். “இந்த ரோட்ல நான் பாக்காதது இல்ல. போலீசு வந்து லட்டிய எடுத்தாக்கூட ஒருத்தன் வண்டிய ஒரு அடி நவுத்த மாட்டான். இன்னிக்கு நவுத்துனானுங்க. ஒருத்தன் வாயத் தொறக்கல. நான் பைனாகுலர் வெச்சி மாடிலேர்ந்து பாத்தேன், எனக்கே மெர்சலாயிட்ச்சி. மிஸ்டு கால்ல டோக்கன் போடறத நாளைக்கு வேற எவனாவது எழுதிடுவான். இது வேற எவன்கிட்டயும் இல்ல.”

“அது சாவு வூட்டுக்கு சார்.”

“சாவு வூட்டுக்கும் இருக்கட்டும். என் நாப்பது வண்டிக்கும் இருக்கட்டும். அர்ஜென்ட்டா கப்பல புடிக்கணும்னு பார்ட்டிங்க கேக்கற காசு குடுப்பாங்க. உங்க கம்பெனில நான் பணம் போடறேன். ஏசி ரூமு, புது கம்ப்யூட்டரு, ஆளுங்க சம்பளம், எல்லாம். அந்த ஒரு நம்பர எங்கிட்ட குடுத்துடு.”

“ஒரு நாளைக்கு நாப்பது சாவுன்னா நம்புவாங்களா சார்?”

“சாவுன்னு நீ எங்க எழுதப் போற? வழி விடுங்கன்னுதான வருது. அவங்களா ஒண்ணு நெனச்சிகினா அதுக்கு நாம இன்னா பண்றது?”

இதை அவர் சிரிக்காமல், அதட்டாமல், டீ ஆர்டர் செய்கிற குரலில் சொன்னார்.

“முடியாது சார்.”

“அவசரப்படாத. சாயந்திரம் வரைக்கும் யோசி,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கதவு மூடியதும் செங்குட்டுவன் வெடித்தான். “முடியாதாமே! எவ்ளோ ஈசியா சொல்லிட்ட! நீ வூட்ல குந்திகினு தட்டுன. ஒவ்வொரு ஆபீஸ் வாசல்லயும் நாய் மாதிரி நின்னது யாரு? கிண்டில ஒருத்தன், வியாசர்பாடின்னு சொன்னதும் குடுத்த கார்டத் திருப்பி என் கையிலயே வெச்சான். என் பேச்சக் கேட்டு வாய மூடினு சிரிச்சாங்க தெரியுமா? இங்கிலீஷ் வரல, கார் இல்ல, மாமன் மச்சான் எவனும் ஆபீசரா இல்ல. மூணு வருஷம்! நமக்குன்னு ஒரு கதவத் தொறந்தவரு இந்த ஆளு ஒருத்தருதான். அதுக்கும் முடியாதுன்னா நீ எந்தக் கம்பெனியடி நடத்தப் போற? சொல்லு!”

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் செங்கொடிக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

“உன்ன அவனுங்க சிரிச்சானுங்க, சரி. அவங்களுக்கு நீ ஒண்ணும் பண்ணல. உனக்காக துண்ட கழட்டிகினு நின்னவங்க தலையில ஏறி மிதிக்கிற. எந்த ஊரு நாயம்டா இது?”

“நாயத்த வெச்சிகினு நீ வரிசைலயே நில்லு. நைனா நிக்கறாருல்ல, அது மாதிரி.”

செங்கொடி கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்துவிட்டாள். அந்த இடத்தில் அவள் கொஞ்சம் நின்றிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கோபத்தில் யாருக்குத்தான் யோசனை வருகிறது?

* * *

வெயில் தாழத் தொடங்கிய நேரம். டோல்கேட் பஸ் ஸ்டாப்பில் கோதண்டம் மகளுக்காகக் காத்திருந்தார். பூவம்மா அவர் தலையில் ஏழு சொம்பு தண்ணீரை ஊற்றி, வாசலில் சூடம் கொளுத்தித் திருஷ்டி கழித்துத்தான் வெளியே விட்டிருந்தாள். நெற்றியில் திருநீறு பட்டையாக இருந்தது.

“நான் போய் சொல்லணும்மா,” என்றார். “சாவு இல்லன்னு நான் என் வாயால சொல்லணும்.”

“நானும் வரேன் நைனா.”

டிரெய்லர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்றன. டீக்கடை ஓரம் உட்கார்ந்திருந்த டிரைவர்கள் கோதண்டத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். வழக்கமாக அவர் வந்தால் யாராவது எழுந்து பெஞ்சில் இடம் கொடுப்பார்கள். இந்த ரோட்டில் யார் வண்டி முன்னால், யார் பின்னால் என்று சண்டை வந்தால் அவரிடம்தான் வருவார்கள், அவர் சொன்னால் முடிந்தது. இன்றைக்கு ஒருவரும் எழவில்லை.

முன்வரிசையில் நின்ற வண்டியிலிருந்து வல்லரசு எட்டிக் குதித்தான். இளவட்டம், வாய்த்துடுக்கு. காலையில் அடுத்ததாக உள்ளே போக வேண்டிய வண்டி அவனுடையதுதான். கோதண்டத்துக்கு வழி விட்டான். அவர் வண்டி நுழைந்ததும் கேட்டை மூடிவிட்டார்கள், இன்னும் திறக்கவில்லை.

“வா மாமு. கெங்கம்மா மருமவன் எல்லாத்தையும் சொல்ட்டான். சாவே இல்லியாமே? கம்ப்யூட்டருக்குக் கோளாறுன்னு உம் புள்ள மெசேஜ் போடறான். கோளாறு ஏன் மாமு கரீட்டா உன் வண்டிக்கே வருது? என் வண்டிக்கு வரக் கூடாதா?”

கோதண்டம் வாயைத் திறப்பதற்குள் எல்லார் சட்டைப்பையிலும் செல் கூவியது. ஒரே நேரத்தில், ரோட்டின் கடைசி வரைக்கும். செங்கொடியின் செல்லும் கூவியது.

மஜீதின் வண்டி நம்பர். வழி விடுங்க.

வரிசையின் நடுவிலிருந்து மஜீது ஓடி வந்தான். செல்லை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தான்.

“மாமு, அம்மா மவுத்தாயிட்டாங்க. பழவேற்காட்லேர்ந்து தம்பி பேசனான். ராத்திரி இஷா தொழுவ முடிஞ்சதும் அடக்கமாம். கொஞ்சம் வழி வுடச் சொல்லு மாமு.”

ஒரு வண்டியும் அசையவில்லை. பின்னால் எங்கோ ஒருவன் ஹாரனை அழுத்திப் பிடித்தான், இன்னொருவன் விசில் அடித்தான்.

“மறுபடியும் கோளாறா?” என்று யாரோ கத்தினார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

மஜீதுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். “நெஜமாத்தான்பா சொல்றேன். எங்க அம்மாப்பா.”

“சாவிய என்கிட்ட குடுத்துட்டு நீ ஓடுறா,” என்றார் கோதண்டம். “நான் பாத்துக்கறேன்.”

“பாஸ் எம் பேர்ல கீது மாமு. வேற ஆளு ஓட்டிகினு போனா கேட்ல வுடமாட்டான். கப்பலு இன்னிக்கு. வுட்டுட்டுப் போனா ஓனரு நாளைலேர்ந்து வராதன்னுவான். பொண்ணுங்க மூணும் வூட்ல கீது.” துறைமுகத்தின் பக்கம் கையைக் காட்டினான். “கேட்ட இப்பத் தொறப்பான். உள்ள எறக்கிட்டு அப்டியே ஓடிடுவேன். மண்ணு போடணும் மாமு நானு.”

கோதண்டம் வல்லரசின் பக்கம் திரும்பினார். “வண்டிய நவுத்துடா.”

“உன் பேச்சக் கேட்டு காலைலயும் நவுத்துனேன்,” என்றான் வல்லரசு. “கண்ல தண்ணி வந்திச்சி மாமு எனக்கு. அப்போ உன் வூட்ல யாரு செத்தாங்க? அத்த சொல்லு, நவுத்தறேன்.”

கோதண்டம் தலை குனிந்து நின்றார். அவருக்குப் பதில் தெரியும். யார்டில் நடந்ததை மகள் பஸ் ஸ்டாப்பில் சொல்லியிருந்தாள். அதை இங்கே சொன்னால் அவர்கள் கம்பெனி இன்றோடு காலி என்பதும் தெரியும். மிஷின் தப்பு பண்ணிவிட்டது என்றால் நாளைக்கு மன்னித்துவிடுவார்கள். மிஷினை வைத்து ஏமாற்றினார்கள் என்று தெரிந்தால் ஒருவன்கூட மறுபடி மிஸ்டு கால் கொடுக்கமாட்டான். மகளின் மூன்று வருஷத்தை அவர் வாயால் எப்படிக் கொளுத்துவார்? அவர் அவளைப் பார்க்கவும் இல்லை. சொல்லட்டுமா என்று கேட்கவும் இல்லை.

செங்கொடி மஜீதைப் பார்த்தாள். காலையில் தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவன் இவன். இப்போது இவனுக்காக அழ ஒரு ஆள் இல்லை.

வல்லரசின் வண்டிப் படியில் ஏறி நின்றாள்.

“யோவ்! எல்லாம் கேளுங்க!” என்று கத்தினாள். அந்தக் குரல் தனக்குள் இருப்பது அவளுக்கே தெரியாது. “காலைல கோளாறு இல்ல. கம்ப்யூட்டர் ஒரு தப்பும் பண்ணல. எங்க அண்ணன் வேணும்னே போட்டான். அம்புரோஸ் சார் பாக்கணும்னு போட்டான். சாவுன்னா நீங்க வழி வுடுவீங்களான்னு பாத்தாங்க. நீங்க வுட்டீங்க. அத்த காசுக்கு விக்கறதுக்குப் பேரம் பேசினு கீறாங்க. எங்க நைனாவுக்கு ஒண்ணும் தெரியாது. அவரு பொண்டாட்டி செத்துட்டா, புள்ள செத்துட்டான்னு அழுதுகினே வண்டி ஓட்டுனாரு. பொய் சொன்னது எங்க வூடு. மஜீது அண்ணன் இல்ல. அவரு அம்மா செத்துக் கெடக்குது, வழி வுடுங்கய்யா!”



வல்லரசு காறித் துப்பினான். ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், அதை இங்கே எழுத முடியாது. டயரை ஓங்கி உதைத்தான். அப்புறம் “எறங்கு கீழ” என்று செங்கொடியிடம் சொல்லிவிட்டு, ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பி இடது பக்கம் ஒட்டி நிறுத்தினான். அவனுக்குப் பின்னால் இருந்தவனும் நகர்த்தினான். அடுத்தவனும். நடுவில் ஒரு வண்டி போகிற அளவுக்குப் பாதை திறந்தது. மஜீது கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டிப் போனான். அதற்குள் கேட் திறந்திருந்தது.

வல்லரசு இறங்கி நேராக செங்கொடியிடம் வந்தான். செல்லை அவள் முகத்துக்கு எதிரில் நீட்டி, ‘வரிசை’யின் நம்பரை அழுத்தினான். மணி அடித்ததும் கட் பண்ணினான். மறுபடியும் அழுத்தினான், கட் பண்ணினான்.

“இன்னியோட உனக்கும் எனக்கும் ஆச்சி. இனிமே வண்டிலயே தூங்கிக்கறேன், போ.”

டீக்கடை பெஞ்சில் இருந்தவர்களும் செல்லை எடுத்தார்கள். ஒருவன் பின் ஒருவனாக, அவள் பார்க்கப் பார்க்க, இரண்டு இரண்டு தடவை. கெங்கம்மாவின் மருமகன்கூட அழுத்தினான். அவன் மட்டும் திரும்பி நின்று அழுத்தினான்.

கோதண்டம் மகளின் தோளில் கை வைத்தார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். யாராவது ஆறுதல் சொன்னால் அழுதுவிடுவாள், அந்த ஆட்கள் முன்னால் அழ அவளுக்கு இஷ்டமில்லை.

செல் அடித்தது. செங்குட்டுவன்.

“இன்னாடி பண்ணித் தொலச்ச? கம்ப்யூட்டர்ல ஒவ்வொருத்தனா கழண்டுகினே கீறானுங்க!”

“சொல்லிட்டேன். கோளாறு இல்ல, நீதான்னு எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீ பீலா வுட்டதால மஜீது அண்ணனுக்கு வழி வுடமாட்டேன்னுட்டாங்கடா. அவங்க அம்மா மவுத்து. ஒழுங்கா இங்க வா. வந்து நைனா கால்ல வுழு.”

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

“டேய், கேக்குதா?”

“செங்கொடி... நீ கோச்சிகினு போனதும் நான் புரோகிராம் மொத்தத்தையும் சிடில போட்டு அவரு கைல குடுத்துட்டேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கசந்து போன சிரிப்பு. “குடு. நல்லா குடு. இந்த ரோட்ல இனிமே ஒருத்தன் நம்பமாட்டான். அத்த வெச்சிகினு தட்டுல போட்டு துன்னுவாரா?”

“இந்த ரோடு வேணாமாம். தூத்துக்குடிலயும் துறைமுகம் கீது, இதே மாதிரி க்யூ நிக்குதாம். அங்க இருக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாதில்ல...” அவன் நிறுத்தினான். “நாளைக்குப் போறாரு. என்னியும் வரச் சொன்னாரு. நான் சரின்ட்டேன்.”